பின்முடிச்சு

வெயில் அடித்தால் லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகள் வெளியே காயும். அடிக்காவிட்டால் இவர்கள் அறைக்குள் காயும். குறுக்கே நான்கு கயிறு. அடுப்புக்குப் போகவும் கட்டிலுக்குப் போகவும் ஈரத் துணியைத் தலையால் தள்ளிக்கொண்டு போகவேண்டும். மருமகளுக்கு மூச்சிழுப்பு வந்தது இந்த அறைக்கு வந்த பிறகுதான்.

"ஈரம் ஆகாதாம். டாக்டர் சொல்றாரு" என்பாள் அவள். "ஈரத்துலதான் எனக்குச் சம்பளமே."

மாமியாரும் மருமகளும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை. மாமியார் அடித்து அலசுவாள், மருமகள் இஸ்திரி போடுவாள். கூடத்துக்குப் பின்னால் இருந்த அறையை முதலாளி தங்கக் கொடுத்திருந்தார். மழைநாளில் விரிப்புகளை உள்ளே கட்டிக்கொள்ளவேண்டும் என்பது பேச்சு.

மாமியாரை எல்லோரும் பெல்ட்டக்கா என்பார்கள். அது மலையில் வந்த பெயர். மலை ரயில் ஓடிய காலத்தில், வண்டிக்கு ஒருவராக நின்று கையால் பிரேக் சுற்றுகிற பிரேக்காரர்களுக்கு இடுப்பு பெல்ட் தைத்துக் கொடுத்தவள் அவள். அவள் புருஷனும் பிரேக்காரன். ரயில் நின்று பல வருடமாகிறது. தண்டவாளம், எஞ்சின், லைன் வீடுகள் எல்லாவற்றுக்கும் வேலி போட்டுப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். மகனுக்கு அங்கேதான் வேலை.

அன்று அவன் மூன்று அனுமதிச் சீட்டுகளைக் கட்டில்மேல் வைத்தான்.

"மேனேஜர் குடுத்தாரு. பழைய ரயில்காரங்க குடும்பத்துக்கு இலவசமாம்."

மருமகள் எடுத்துப் பார்த்தாள். "மூணு இருக்கே. உங்களுக்கும் சீட்டா? நீங்கதான் அங்க காட்சிப் பொருளாச்சே."

பெல்ட்டக்கா அவித்த உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீயும் வரணுமாம்."

"எதுக்கு?"

"சும்மா பாக்கத்தான்."

"இத்தனை வருஷமா சும்மாத்தான் இருக்கேன். அப்பல்லாம் கூப்பிடலையே."

மகன் மருமகளைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே அவனைத் தள்ளினாள். "மூடி மூடி வெச்சா என்ன, வெந்துடுமா? சொல்லுங்க."

"வேலையை நிரந்தரம் பண்றாங்கம்மா. பண்ணா வீடு உண்டு. லைன் வீடு. கடைசி வரிசையைப் புதுசா ஓடு மாத்தி வெச்சிருக்காங்க."

"நிரந்தரமாகறது நீ. நான் எதுக்கு?"

"அப்பாவைப் பத்தி உங்கிட்டக் கேக்கணுமாம்."

பெல்ட்டக்கா உரித்த கிழங்கை உப்பில் தொட்டு மகன் தட்டில் வைத்தாள்.

"மேல காத்து நல்லா இருக்கும் அத்தை" என்றாள் மருமகள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. விரிப்பைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அது சுருங்கிவிடாமல் பிறகு நீவிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை போலாம்" என்றாள் பெல்ட்டக்கா.

மகனுக்குப் பூங்காவில் என்ன வேலை என்று அவன் அவளிடம் சொன்னதில்லை. வண்டி தள்ளுகிற வேலை என்பான். ஊருக்கே தெரிந்தது அவளுக்குத் தெரியாமலா இருக்கும். அவளும் கேட்டதில்லை. பூங்காவில் தினம் இரண்டு முறை ஒரு நாடகம் போடுகிறார்கள். ஓடும் வண்டியிலிருந்து பிரேக்காரன் குதித்து ஓடுவதுதான் நாடகம். அந்தப் பிரேக்காரன் அவள் புருஷன். வேஷம் போடுகிறவன் அவள் மகன்.

நடந்தது இதுதான். மரம் ஏற்றிய வண்டிகள் மழையில் இறங்கிக்கொண்டிருந்தன. கடைசி வண்டியில் அவள் புருஷன். இணைப்புக் கொக்கி விட்டது. கடைசி வண்டி தனியாகக் கழன்று பின்தங்கி, பிறகு வேகம் பிடித்து, வளைவில் கவிழ்ந்து பள்ளத்தில் போனது. கீழே தண்டவாள வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் அதற்கடியில் போனார்கள். புருஷன் பள்ளத்தில் கிடக்கவில்லை. வளைவுக்கு மேலே, தண்டவாளத்தின் ஓரத்தில் தலை உடைந்து கிடந்தான். இடுப்பில் பெல்ட் இல்லை. நொறுங்கிய வண்டியிலும் அது கிடைக்கவில்லை.

விசாரணையில் குதித்துவிட்டான் என்று எழுதினார்கள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் வண்டி நின்றிருக்கும் என்றும் எழுதினார்கள். அவள் எழுந்து சொன்னாள்: பெல்ட் கட்டியிருந்தார், அதைக் கட்டினால் குதிக்க முடியாது. அப்படியானால் எப்படி விழுந்தான் என்றார்கள். அறுந்திருக்கும் என்றாள். பெல்ட்டைத் தைத்தது யார் என்றார்கள். அதற்குப் பிறகு அவள் உட்கார்ந்துவிட்டாள்.

லைன் வீட்டை ஒரு வாரத்தில் காலி செய்யச் சொன்னார்கள். மகனுக்கு அப்போது நாலு வயது. குதித்தான் என்று சாட்சி சொன்ன பிரேக்காரர்கள், அவள் தைத்துக் கொடுத்திருந்த பெல்ட்டுகளையும் அதே வாரம் அவிழ்த்துப் போட்டார்கள். அவள் தட்டுமுட்டுச் சாமானோடு இறங்கிப் போனபோது அவை ஷெட் வாசலில் குவியலாகக் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை தூறல். பேருந்து பூங்கா வாசலிலேயே நின்றது. மகன் முதல் பேருந்துக்கே போய்விட்டிருந்தான்.

எஞ்சினுக்குக் கறுப்புச் சாயம் பூசிப் பளபளவென்று வைத்திருந்தார்கள். அதன் மேல் ஏறி நின்று ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கரி இல்லை, எண்ணெய் வாடை இல்லை. தண்டவாளத்துக்கு நடுவே புல்லை வெட்டிச் சீராக்கியிருந்தார்கள். சரக்கு ஷெட்டில் டீக்கடை.

"நல்லாத்தானே வெச்சிருக்காங்க அத்தை."

"ரயில் ஓடலைன்னா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

லைன் வீடுகளின் முதல் வரிசை பார்வைக்குத் திறந்திருந்தது. மூன்றாவது கதவில் பெல்ட்டக்கா நின்றாள். வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டி, தொடக்கூடாது என்று எழுதியிருந்தார்கள். உள்ளே ஒரே அறை. ஜன்னலோரம் ஒரு பொம்மைப் பெண் முக்காலியில் உட்கார்ந்து, வட்டச் சட்டத்தில் துணியை மாட்டிப் பூ தைத்துக்கொண்டிருந்தாள். தொழிலாளியின் மனைவி என்று பலகை.

"இதா நம்ம வீடு?" என்றாள் மருமகள்.

"இதுதான்."

"உங்களைவிடச் சிவப்பா இருக்கா."

"சும்மா உக்காந்திருந்தா நானும் சிவப்பா இருப்பேன்." பெல்ட்டக்கா கயிற்றுக்கு மேல் தலையை நீட்டிப் பார்த்தாள். "பூ போடறா பாரு. இவ பூ போட்டுட்டு உக்காந்திருந்தா அடுப்பை யாரு பாக்கறது?"

பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். நகர்ந்தாள்.

மணி அடித்தது. எல்லோரும் சரிவில் போட்டிருந்த பெஞ்சுகளுக்குப் போனார்கள். எதிரே கொஞ்ச தூரத் தண்டவாளம், அதில் ஒரே ஒரு வண்டி. தண்டவாளம் முடிகிற இடத்தில் டயர்களை அடுக்கியிருந்தார்கள். ஒரு புதருக்குப் பின்னால் மெத்தையின் மூலை தெரிந்தது. மைக்கில் மேனேஜர் பேசினார். சின்ன வயது. இதமான குரல். மழை, மலை, இரண்டு உயிர்கள் என்றார். ஒரு மனிதனின் பயம் என்றார்.

மகன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். கையில் பாட்டில். படியில் கால் வைத்தான், வழுக்கினான், மறுபடி வைத்தான். ஆட்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். எஞ்சின் ஊதியது. அவன் காதில் கைவைத்து, யார் கூப்பிட்டது என்று நாலாபக்கமும் பார்த்தான். இன்னும் சிரித்தார்கள். ஒரு மடக்குக் குடித்துவிட்டு பிரேக் சக்கரத்தைத் தப்பான பக்கம் சுற்றினான். வண்டி நகர்ந்தது. தண்டவாளத்தில் வைக்கோல் அடைத்த இரண்டு உருவங்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தன. மகன் அவற்றைப் பார்த்தான், ஆட்களைப் பார்த்தான், பாட்டிலைப் பத்திரமாக இடுக்கிக்கொண்டு குதித்தான்.

அவன் குதித்தபோது பெல்ட்டக்காவின் கை முன்னால் போய்விட்டது. முன்பெஞ்சில் இருந்தவரின் தோளில் பட்டது. "மன்னிச்சுக்கங்க" என்றாள்.

வைக்கோல் பறந்தது. ஒரே கைதட்டல். மகன் புதருக்குப் பின்னாலிருந்து எழுந்து தொப்பியைக் கழற்றிக் குனிந்தான். நிமிர்ந்தபோது அம்மா இருந்த பக்கம் பார்க்கவில்லை.

மேனேஜர் அவர்களைச் சரக்கு ஷெட்டில் உட்காரவைத்து டீயும் கேக்கும் வரவழைத்தார். பெல்ட்டக்காவுக்கு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"எப்படி இருந்துச்சும்மா? மனசு கஷ்டமா இருந்தா சொல்லுங்க. உங்க பிள்ளைகிட்டயும் முதல்லயே கேட்டுத்தான் செஞ்சோம்."

மகன் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாட்டில் வேற" என்றாள் பெல்ட்டக்கா.

"பாட்டில் இல்லைன்னா சிரிக்க மாட்டாங்கம்மா" என்றான் மகன்.

"பெல்ட் இல்லையே."

"என்ன பெல்ட்?" என்றார் மேனேஜர்.

அவள் சொன்னாள். பிரேக்காரன் நிற்கிற பலகை ஒரு முழ அகலம்தான். மழையில் பாசி பிடிக்கும், குளிரில் உறையும். அதனால் இடுப்பைச் சுற்றி பெல்ட் போட்டு, அதைப் பிரேக் தூணில் மாட்டிவிடுவார்கள். தார்ப்பாயை மடித்து, மெழுகு நூலில் தைக்கிற பெல்ட். முடிச்சு முதுகுப் பக்கம்.

"முன்னாடி போட்டா சக்கரத்துல மாட்டும். குனிஞ்சுதானே சுத்தணும். அதான் பின்னாடி. மேல கிளம்பறப்ப பக்கத்து வண்டிக்காரன் போட்டுவிடுவான். கீழ வந்து இன்னொருத்தன் அவுத்துவிடணும். தானே அவுக்க முடியாது. மூத்திரம் வந்தாக்கூட அடக்கிக்கிட்டுத்தான் வரணும்."

மேனேஜர் சிரித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "இது எங்க ஆளுங்க ஒருத்தருக்கும் தெரியலையேம்மா! பாருங்க, இதுக்குத்தான் உங்களை வரச் சொன்னது."

"அதைக் கட்டிக்கிட்டு எப்படிக் குதிப்பாரு?"

"அன்னிக்குக் கட்டியிருந்தாரா?"

"மேல முடிச்சுப் போட்டவன், மழையில போட்டேனோ என்னமோ ஞாபகம் இல்லைன்னுட்டான். கட்டாம ஏற மாட்டாரு."

"அப்படின்னா எப்படி விழுந்தாரும்மா?"

"அறுந்திருக்கணும்."

"யாரு தைச்சது?"

"நான்தான்."

மேனேஜர் டீயைக் கலக்கினார். ஏற்கெனவே கலக்கியதுதான்.

"அதெல்லாம் உள்ள கொண்டுவர வேண்டாம்மா" என்றார். குரலில் உண்மையாகவே இரக்கம் இருந்தது. "உங்களுக்குக் கஷ்டம். பெல்ட்டை மட்டும் எடுத்துக்குவோம். கட்டிக்கிட்டு நிக்கறாரு, வண்டி ஓடுது, பயம் வருது, அவுக்கறாரு. அந்த இடத்துல எல்லாருக்கும் நெஞ்சு ஒரு நிமிஷம் நின்னுடும். முடிச்சு வேண்டாம், முன்னாடி ஒரு கொக்கி வெச்சுக்கலாம்."

"பின்னாடிதான் வரும்."

"பின்னாடி வெச்சா அவரால அவுக்க முடியாதேம்மா."

"முடியாது."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

மேனேஜர் எழுந்துகொண்டே சொன்னார்: "நீங்களே தைச்சுக் குடுங்களேன். உங்க கையாலே. அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு. வீட்டுச் சாவியை அடுத்த ஞாயித்துக்கிழமை உங்க கையிலயே குடுத்துடறேன்."

அறைக்கு வந்ததும் மகன் சட்டையைக் கழற்றி எறிந்தான். அது விரிப்பில் விழுந்தது. மருமகள் அவசரமாக எடுத்தாள்.

"நீ எதுக்குப் பெல்ட்டைப் பத்தி வாயத் திறந்த?" என்றான் அம்மாவிடம். "வெறும் குடிகாரனாக் குதிச்சிட்டுப் போயிருப்பாரு. இப்பப் பாரு, கட்டினதை அவுத்துட்டுக் குதிக்கணும்."

"இத்தனை நாளாக் குதிச்சியே. அப்பக் கூசலையா?"

"பள்ளிக்கூட நாள்லேர்ந்தே என் பேரு 'குதிச்சான் மகன்'தானே. வெளியில ஓசியில சொன்னாங்க, அங்க சம்பளம் தராங்க."

"பேசுவ நல்லா."

"முடியாதுன்னு சொல்லிடறேன். வேலையும் வேண்டாம், வீடும் வேண்டாம்."

"சொல்லுங்க, சொல்லுங்க" என்றாள் மருமகள். "ரோஷம் உங்களுக்கு. மூச்சு எனக்குத்தானே போகுது." இருமவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அடுப்பில் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.

மகன் கட்டிலில் உட்கார்ந்தான். நடுவே விரிப்பு தொங்கியது. அம்மாவின் கால் மட்டும் தெரிந்தது.

"அம்மா."

"ம்."

"அப்பா குதிக்கலைன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"பின்முடிச்சுடா."

"போட்டிருந்தா பெல்ட் அறுந்திருக்கணும். போடலைன்னா குதிச்சிருக்கணும். ரெண்டுல எது?"

கால் அசையவில்லை.

"உன் தையல் விடுமா?"

பெல்ட்டக்கா வெளியே போனாள். தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த தலையணை உறைகளை அலச ஆரம்பித்தாள். அவை நாளைக்கு அலச வேண்டியவை.

அந்த வாரம் பூராவும் மழை. சந்தையில் பழைய தார்ப்பாய் ஒன்று வாங்கிவந்தாள். கெட்டியாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், நுனியைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தாள். ரயில் காலத்தில் அவளுக்குத் தேர்ந்தெடுக்கிற வசதி இருந்ததில்லை. வண்டி மூடிக் கிழிந்ததைத்தான் ஷெட்டில் கொடுப்பார்கள். புதுசு கேட்டால், இடுப்பில் கட்டுவதற்குப் புதுசு எதற்கு என்பார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஈரத் துணிகளுக்கு அடியில் உட்கார்ந்து தைத்தாள். நூலை மெழுகில் இழுத்து, கோணூசியில் கோத்து, ஒவ்வொரு குத்துக்கும் உள்ளங்கையில் தோல் துண்டை வைத்துத் தள்ளினாள். சோப்பில் வெடித்த விரல்களில் நூல் அறுத்தது. ஒரு வரி முடித்ததும் ஒரு முனையைக் காலில் மிதித்து மறு முனையை இரு கையாலும் இழுத்தாள். அடுத்த வரி தைத்தாள். மறுபடி இழுத்தாள்.

மருமகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேஷத்துக்குத்தானே அத்தை. ரெண்டு வரி போதாதா?"

"போதாது."

"இதுல பாரமே விழாதே."

ஊசி நின்றது. பெல்ட்டக்கா தைத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். மேலிருந்து ஒரு சொட்டு அதில் விழுந்தது. துடைத்தாள்.

"கொக்கி எந்தப் பக்கம்னு சொன்னாரு?" என்றாள்.

கேட்டுவிட்டு அவளே கொக்கியை முன்பக்கம் வைத்துத் தைத்தாள்.

மகன் அன்று மாலை அதை எடுத்துப் போட்டுப் பார்த்தான். இடுப்புக்குச் சரியாக இருந்தது. "அளவே எடுக்கலையே நீ" என்றான். கொக்கியை விரலால் சுண்டினான். டப்பென்று விட்டது. மறுபடி மாட்டினான். அம்மா முகத்தைப் பார்த்தான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. விட்டுடறேன்."

"அந்த முனையைப் பிடி" என்றாள். இருவரும் விரிப்பை நான்காக மடித்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெயில். பெஞ்சுகள் நிறைந்திருந்தன. பெல்ட்டக்காவை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். சாவி மருமகளின் பையில் இருந்தது. அவள் அடிக்கடி பைக்குள் கைவிட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மேனேஜர் மைக்கில் சொன்னார்: "நீங்க இப்பப் பாக்கப்போற பெல்ட், அந்தப் பிரேக்காரரோட மனைவி தன் கையாலே தைச்சது. அந்தம்மா இதோ நம்ம முன்னாடி இருக்காங்க."

கைதட்டினார்கள். பெல்ட்டக்கா எழுந்து நின்றாள். எப்போது உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். மருமகள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

மகன் வந்தான். வழுக்கினான். சிரித்தார்கள். பெல்ட்டைத் தூணில் மாட்டி, கொக்கியைப் போட்டு, உறுதியாக இருக்கிறதா என்று பின்னால் சாய்ந்து காட்டினான். பெல்ட் தாங்கியது. எஞ்சின் ஊதியது. வண்டி நகர்ந்தது. அவன் வைக்கோல் உருவங்களைப் பார்த்தான். கை கொக்கிக்குப் போனது. மேனேஜர் சொன்னது சரிதான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. யாரோ ஒரு பெண் "ஐயோ, அவுக்காதப்பா" என்றாள்.

அவிழ்த்தான். குதித்தான்.

ஆட்கள் கலைந்த பிறகு பெல்ட்டக்கா தண்டவாளத்தில் இறங்கி வண்டியருகே போனாள். பெல்ட் தூணில் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் எடுத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். படம் எடுக்க வந்த ஒருவர் பக்கத்தில் நின்றார். அவரும் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார்.

"கெட்டியாத்தான் இருக்கு. அந்தக் காலத்துல இது அறுந்துகிறுந்து போகாதாம்மா?"

மகன் புதருக்குப் பின்னால் மெத்தையை உருட்டிக்கொண்டிருந்தான். கையை நிறுத்தினான்.

"அறாது" என்றாள் பெல்ட்டக்கா. "நீங்களே பாத்தீங்கல்ல. அவரு அவுத்துட்டுத்தான் குதிச்சாரு."